வானொலியில் ஒலித்த வீட்டுப் பேச்சு

யாழ்ப்பாணத்தில் ஏழாலை என்னும் சிற்றூர் உள்ளது. அங்கு 1915ஆம் ஆண்டு பிறந்தவர் சிவஞானசுந்தரம். ‘இலங்கையர்கோன்’ என்ற புனைபெயரில் இவர் தமிழுலகில் புகழ்பெற்றார். சம்பந்தன், சி. வைத்தியலிங்கம் ஆகியோருடன் இவரையும் ஈழத்துச் சிறுகதையின் முன்னோடியாகப் போற்றுகின்றனர்.

இளமையிலேயே எழுதத் தொடங்கிய இவருடைய கதைகள் சென்னையிலிருந்து வெளிவந்த ‘கலைமகள்’ இதழில் இடம்பெற்றன. ரஷ்ய எழுத்தாளர் துர்கனேவின் கதையொன்றை ‘முதற்காதல்’ என்ற பெயரில் தமிழாக்கம் செய்தார். தொடக்கத்தில் பழங்கதைகளிலும் வரலாற்றிலும் கருப்பொருளைத் தேடிய இவர், பின்னர் தம் மண்ணின் மக்களை நோக்கித் திரும்பினார். ‘வெள்ளிப் பாதசரம்’ என்ற கதை அதற்குச் சான்று. கோயில் திருவிழாவில் மனைவி ஒரு பாதசரத்தைத் தொலைக்கிறாள். கணவன் சினம் கொள்கிறான். அந்தச் சிறு பிணக்கையே அழகிய கதையாக்கினார் இலங்கையர்கோன்.

எழுத்து அவருக்குத் தொழிலன்று. அவர் காரியாதிகாரி என்னும் அரசுப் பதவியில் இருந்தார். அக்காலத்தில் ஒவ்வோர் ஊருக்கும் ஒரு விதானையார் இருந்தார். ஊரில் சண்டை என்றாலும், அரசாங்கத்திடம் ஓர் அலுவல் என்றாலும் மக்கள் விதானையாரையே நாடினர். அந்த விதானைமார் காரியாதிகாரியின் கீழ்ப் பணியாற்றினர். ஊர் வழக்குகள், குடும்பப் பூசல்கள், வெற்றுப் பெருமைகள் ஆகியவற்றை அருகிலிருந்து காணும் வாய்ப்பை அப்பதவி அவருக்குத் தந்தது.

கொழும்பில் 1925ஆம் ஆண்டு தொடங்கிய ஒலிபரப்பு, 1949இல் ‘ரேடியோ சிலோன்’ என்னும் பெயரைப் பெற்றது. அந்த வானொலிக்கு இலங்கையர்கோன் எழுதிய நகைச்சுவைத் தொடர் நாடகமே ‘விதானையார் வீட்டில்’. ‘கொழும்பிலே கந்தையா’ போன்ற வேறு வானொலி நாடகங்களையும் அவர் எழுதினார்.

வானொலிக்கு நகைச்சுவை எழுதுவது எளிதன்று. மேடையில் ஒருவர் வழுக்கி விழுந்தால் பார்ப்பவர் சிரிப்பர். வானொலியிலோ முகமும் இல்லை, அசைவும் இல்லை. பேசுபவர் யார், அவர் எத்தகையவர், எந்த மனநிலையில் இருக்கிறார் என அனைத்தையும் பேச்சே உணர்த்த வேண்டும். ஆகவே, எந்தத் தமிழில் பேசவைப்பது என்ற கேள்வி எழுகிறது.

எழுத்துத்தமிழில் ‘வாருங்கள்’ என்பதைத் தமிழ்நாட்டார் ‘வாங்க’ என்பர். யாழ்ப்பாணத்தார் ‘வாருங்கோ’ என்பர். விதானையார் மேடைப் பேச்சாளரைப்போல் பேசியிருந்தால் அவர் விதானையாராக இருந்திருக்கமாட்டார். இலங்கையர்கோன் யாழ்ப்பாண வீடுகளில் புழங்கிய பேச்சுத்தமிழையே தேர்ந்தெடுத்தார். தங்கள் அடுக்களையிலும் திண்ணையிலும் ஒலித்த பேச்சை வானொலியிலும் கேட்ட மக்கள் அத்தொடரைத் தங்கள் சொந்தக் கதையாகவே கருதினர்.

இந்தத் தேர்வு சிறியதன்று. இலக்கியத்தில் பேச்சுமொழியைக் கையாளலாமா என்ற விவாதம் 1960களின் தொடக்கத்தில் ஈழத்தில் சூடுபிடித்தது. அது மரபைக் குலைக்கும் என்றனர் சிலர். மக்களின் வாழ்க்கையை மக்களின் மொழியில்தான் சொல்ல முடியும் என்றனர் வேறு சிலர். அதற்கு முன்பே, ஆரவாரமின்றி, சிரிக்கவைத்தபடியே வானொலி நாடகம் தன் பதிலைச் சொல்லிவிட்டது.

அந்த விவாதம் முற்றுவதைக் காண இலங்கையர்கோன் உயிருடன் இல்லை. 1961ஆம் ஆண்டு, ஐம்பது வயதைக்கூட எட்டாமல் அவர் மறைந்தார். ‘வெள்ளிப் பாதசரம்’ தொகுப்பு அடுத்த ஆண்டு நூலாக வெளிவந்தது.

சிங்கப்பூரிலும் இதே கலை வேரூன்றியது. குவீன்ஸ்டவுன் போன்ற புதுநகர்களில் அடுக்குமாடி வீடுகள் எழுந்துகொண்டிருந்த 1960களின் இறுதியில், ‘புதுமைதாசன்’ பி. கிருஷ்ணன் எழுதிய ‘அடுக்குவீட்டு அண்ணாசாமி’ சிங்கப்பூர் வானொலியில் ஒலித்தது. விதானையாரின் திண்ணையும் அண்ணாசாமியின் அடுக்குவீடும் வெவ்வேறு உலகங்கள். ஆயினும், தங்கள் வீட்டுக் கதவுக்குள் நடப்பதும் நாடகமாகத் தக்கதே என்பதை இரண்டும் கேட்டவர்களுக்கு உணர்த்தின.