எவிலின் பிராண்டு அம்மையாரும் நரையின் எழிலும்

கூந்தலின் நிறங்கண்டு ஒருவரது அழகை மதித்தல் மக்களிடையே தொன்றுதொட்டு வரும் வழக்கமாகும். நம் புலவர்கள் மகளிர் கூந்தலைக் கார்மேகத்தோடு ஒப்பிட்டு மகிழ்ந்தனர். மேனாட்டாரோ பொன்னிறக் கூந்தலைப் பெரிதும் பாராட்டினர். ஆயினும் அம்மதிப்பு எக்காலத்தும் ஒரு தன்மையாய் நின்றதில்லை. பதினெட்டாம் நூற்றாண்டில் ஐரோப்பியச் செல்வர்கள் இளமையிலேயே பொய்ம்முடி தரித்து, அதன்மேல் வெண்பொடி தூவி, அவ்வெண்மையே நாகரிகம் என எண்ணினர். இங்கிலாந்தில் 1795ஆம் ஆண்டு அப்பொடி பூசுவோர்க்கு ஒரு கினி வரி விதிக்கப்படவே, அவ்வழக்கம் குன்றத் தொடங்கிற்று. அதே வெண்மை முதுமையால் தானே வருங்கால் அதனை விரும்புவார் இலர். 1907ஆம் ஆண்டில் பாரிஸ் நகரத்து இரசாயன நூல் வல்லார் யூஜீன் ஷுவெல்லே என்பார் செயற்கைத் தலைச்சாயம் ஒன்றினை ஆக்கியதன்பின், நரையை மறைக்குந் தொழில் உலகெங்கும் பெருவாணிகமாய் வளர்ந்தது. தூவி வருவித்த வெண்மை அழகு, இயற்கை தந்த வெண்மை குறை எனின், அழகு என்பது மயிரின் நிறத்தில் உள்ளதோ, காண்போர் மனத்தில் உள்ளதோ?

இவ்வினாவுக்குச் சொல்லால் அன்றித் தம் வாழ்க்கையால் விடை தந்து சென்றவர், கொல்லிமலையில் தொண்டாற்றிய எவிலின் பிராண்டு அம்மையார் ஆவர்.

கொல்லிமலையை அழகோடு சேர்த்து நினைத்தல் தமிழர்க்குப் புதிதன்று. வல்வில் ஓரி ஆண்ட அம்மலையில் தெய்வத்தால் ஆக்கப்பட்ட பாவை ஒன்று இருந்ததெனச் சங்கப் புலவர் பாடினர். கண்டாரைத் தன் எழிலாலும் நகையாலும் மயக்கி உயிர் கவரும் பாவை அஃது எனப் பிற்காலத்தார் கூறுவர். பாவையின் கதை எங்ஙனமாயினும், அம்மலை உயிர் கவர்ந்தது உண்மையே. அங்கு வழங்கிய மலைக்காய்ச்சலுக்கு அஞ்சிச் சமவெளி மக்கள் ஏறத் தயங்கினர். இன்று நாமக்கல் மாவட்டத்தில், எழுபது கொண்டையூசி வளைவுகளையுடைய சாலையில் வண்டியூர்ந்து செல்வோர்க்கு, ஒற்றையடிப் பாதையில் நடந்தேறிய அக்காலத்தின் இடர் எளிதிற் புலப்படாது.

எவிலின் அம்மையார் 1879ஆம் ஆண்டில், இங்கிலாந்து தேசத்தில், செல்வ வளம் மிக்க வணிகர் குடும்பம் ஒன்றிற் பிறந்தார். ஹாரிஸ் என்பது அவர் பிறந்த குடியின் பெயர். பட்டும் அணியும் அவர்க்கு அரியன அல்ல. ஓவியக் கலையிலும் பயிற்சி பெற்றவராதலின், நிறங்களின் நுட்பத்தை நன்குணர்ந்த கண்ணினர். அத்தகையார் ஸ்டிரிக்ட் பாப்டிஸ்ட் மிஷனைச் சார்ந்து சென்னைக்கு வந்து, 1913ஆம் ஆண்டில் ஜெஸ்ஸி பிராண்டு என்னும் மிஷனெரியை மணந்து, அவருடன் கொல்லிமலை மீது ஏறினார்.

கணவரும் மனைவியும் மலைமக்களுக்கு மருந்து கொடுத்தனர், பள்ளிகள் நடத்தினர், தச்சு முதலிய கைத்தொழில்களைக் கற்பித்தனர். நரம்புச் சிலந்தி நோய் குடிநீரால் வருவதென்று அறிவுறுத்திக் கிணறுகளுக்குச் சுவர் எழுப்புவித்தனர். ஆயினும் பல்லாண்டுகளாக அவர்தம் சமயத்தைத் தழுவுவார் எவரும் இலர். உலகப் பெரும்போரின் முடிவில் இன்புளுயன்சா என்னுங் கொள்ளைக் காய்ச்சல் மலைமீதும் பரவியபொழுது, அதுகாறும் அவர்களை எதிர்த்து நின்ற பூசாரியும் நோயுற்றார். உற்றார் அஞ்சி விலகினர். பிராண்டு தம்பதிகளே அணுகிப் பேணினர். இறக்குந் தறுவாயில் அவர் தம் குழந்தையை அவர்கள் கையில் ஒப்புவித்தார். வெள்ளைத்தோலும் வேற்று நிறக் கூந்தலும் உடைய அந்நியர் என்னும் எண்ணம் அன்றே அம்மலையில் தளரத் தொடங்கிற்று.

1914ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில் அம்மையார்க்குப் பால் என்னும் மகன் பிறந்தான். பின்னர்க் கான்னி என்னும் மகளும் பிறந்தாள். 1923ஆம் ஆண்டில் மக்கள் இருவரையும் கல்வியின் பொருட்டு இங்கிலாந்தில் விட்டுவிட்டுப் பெற்றோர் மலைக்குத் திரும்பினர். 1929ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் ஜெஸ்ஸி பிராண்டு கருநீர்க் காய்ச்சலால் தமது நாற்பத்து நான்காம் வயதில் உயிர் நீத்தார். அவரை மலைமீதே அடக்கம் செய்தனர்.

ஓராண்டுக்கு மேற்பட்டபின் அம்மையார் தாய்நாடு சென்றார். மகனது நெஞ்சில் பதிந்திருந்த தாயோ உயர்ந்த தோற்றமும் எழிலும் நிறைந்தவர். அவன் எதிரே வந்து நின்றவரோ, ஐம்பது வயதளவிலேயே தலை நரைத்து, உடல் வளைந்து, மூதாட்டிபோற் காணப்பட்டார். இவர்தாம் தம் அன்னை என்று ஏற்கவும் அவன் உள்ளம் இடர்ப்பட்டது. பிற்காலத்தில் அவரே தமது நூலில் இதனை மறையாது எழுதியுள்ளார். பெற்ற மகனே தாயை அறியாது திகைத்தற்குத் தலையின் நிறம் மாறியதும் ஒரு காரணமாயிற்று என்றால், இக்கண் எத்துணை எளிதில் ஏமாறுகிறது என்பதை நாம் எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

அம்மையாரோ ஆங்குத் தங்கினாரல்லர். மீண்டும் இந்தியா வந்து தொண்டு புரிந்தார். ஏறக்குறைய அறுபத்தெட்டு வயதான காலத்தில், முதுமை கருதி மிஷன் சங்கத்தார் அவரை மீண்டும் நியமிக்க இசைந்திலர். மேலும் ஓராண்டு மட்டும் பணிபுரிய வேண்டி ஒப்புதல் பெற்றார். அவ்வாண்டு முடிந்ததும், சங்கத்தினின்று ஓய்வு பெற்று, தாய்நாடு செல்லாமல், தம் சொந்தப் பொறுப்பில் கொல்லிமலையில் ஒரு சிறு குடிலில் தங்கினார். உலகம் அவரைப் பாட்டி பிராண்டு என்று அறியத் தொடங்கியது இதற்குப் பின்னரே.

ஈண்டு ஒன்று கருதத்தக்கது. வழக்குரைக்க வந்த முதியோர் தன் இளமையைக் கண்டு ஐயுறவே, கரிகாற்சோழன் நரைமுடி புனைந்து வந்து நீதி வழங்கினான் என்பது பழைய வரலாறு. ஔவையார் திருமணத்தை வேண்டாது முதுமைக் கோலத்தை இறைவனிடம் இரந்து பெற்றார் என்பது செவிவழிக் கதை. தமிழ் மக்கள் நரையில் தளர்ச்சியை மட்டுமன்றி நம்பிக்கையையும் கண்டவர்கள். சங்கத்தார் எந்த நரையைக் கண்டு இவரால் இனி இயலாது என்று கருதினரோ, அந்த நரையே மலைக்குடிகளில் அவர்க்கு வாயில் திறந்தது.

மலைக்குதிரை ஊர்ந்தும், இரு மூங்கிற் கோல்களை ஊன்றி நடந்தும், பச்சைமலை, கல்வராயன்மலை முதலிய மலைகளுக்கும் அம்மையார் சென்றார். பன்முறை விழுந்தார், எலும்பு முறிந்தார், மீண்டும் எழுந்தார். மகன் ஓய்வு கொள்ள வேண்டியும் உடன்பட்டிலர். வெயிலும் காய்ச்சலும் அவர் முகத்தை ஆழ்ந்த சுருக்கங்களால் நிறைத்தன. தம் வாழ்நாளின் கடைசி இருபது ஆண்டுகள் அவர் வீட்டிலே முகம் பார்க்குங் கண்ணாடி ஒன்றும் வைத்துக்கொண்டாரில்லை. ஓவியம் பயின்றவர், அழகை அறியாது அதனை விட்டவர் அல்லர். மலையின் எழிலைத் தூரிகையால் வரைந்து மகிழ்ந்தவர். தம் உருவத்தைக் காண்பதற்கு மட்டுமே அவருக்கு நேரமும் விருப்பமும் இல்லாமற் போயின.

நிற்க. இவ்வளவில் முடித்தால், புறத்தோற்றம் பொருட்டன்று என்பதே அம்மையார் வரலாற்றின் பயன் என்று கொள்ள நேரும். அது பாதி உண்மையேயாம். மற்றைப் பாதியை அவர் மகனிடம் காண்க.

மருத்துவர் பால் பிராண்டு 1946ஆம் ஆண்டில் வேலூர்க் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்து, தொழுநோயாளரின் மடங்கிய கைகளை அறுவை முறையால் நிமிர்த்துவதில் உலகப் புகழ் பெற்றார். நோய் நீங்கிக் கையுந் திருந்திய பின்னும் அவர்களுட் பலர்க்கு வேலை கொடுப்பார் இலராயினர். காரணம் முகமே. தொழுநோய்க் கிருமி உடலின் குளிர்ந்த பகுதிகளையே மிகுதியும் பற்றுமாதலின், புருவ மயிர் உதிர்ந்துவிடும். வெப்பம் மிகுந்த தலையில் மயிர் பெரும்பாலும் நிலைத்திருக்கும். புருவமற்ற முகத்தைக் கண்டவுடன் மக்கள் நோயை நினைந்து விலகினர். இதனை உணர்ந்த மருத்துவர், தலைத்தோலில் ஒரு சிறு பகுதியை அதன் இரத்தக் குழாயோடு பெயர்த்துப் புருவத்தின் இடத்தே பொருத்தினார். அது தலைமயிர் ஆதலின் நீண்டு வளரும். அடிக்கடி கத்தரித்தல் வேண்டும். அவ்வாறு கத்தரிக்க மனமின்றி, கரிய புருவத்தை நீள வளரவிட்டுப் பெருமையோடு உலவினாரும் உண்டாம்! அவர்களை நகைத்தல் தகுமோ? இரு கரிய கோடுகள் அவர்க்கு மனிதரிடையே மீண்டும் இடந்தந்தன.

தாய் கண்ணாடியை அகற்றினார். மகன் பிறர் கண்ணாடியில் முகம் பார்க்கும் துணிவை வழங்கினார். இவை மாறுபட்டன போலத் தோன்றினும் ஒரே அன்பின் இரு கிளைகளாம். தன் அழகைப் பொருட்படுத்தாமை ஒருவர் தாமே மேற்கொள்ளத் தக்க நோன்பு. அதனைப் பிறர்மேற் சுமத்துதல் கொடுமை. நரையையோ நிறத்தையோ காட்டி ஒருவரை ஒதுக்குவார் முன்னிலையில், தோற்றம் பொருட்டன்று என்று ஒதுக்கப்பட்டவர்க்கே அறிவுரை கூறுதல் அறமாகாது.

அம்மையார் தொண்ணூறு வயதைக் கடந்த பின்பே குதிரை ஏறுதலை விட்டார். அதன் பின்னும் மலைமக்கள் அவரைக் கட்டிலில் சுமந்து ஊர்தோறும் கொண்டு சென்றனர். 1974ஆம் ஆண்டு டிசம்பர் மாதம், தம் தொண்ணூற்றைந்தாம் வயதில் அவர் மறைந்தார். அவர் விருப்பப்படி எளிய பருத்தித் துணியிற் பொதிந்து, கணவரின் கல்லறை அருகே மலைமண்ணில் அடக்கஞ் செய்தனர். நரைத்த தலை கண்டு ஒருகாற் திகைத்த மகனே, சுருக்கம் நிறைந்த அம்முகத்தை அழகிய முகமென்று உலகிற்கு எழுதிவைத்தார். இடையில் மாறியது அன்னையின் கூந்தல் அன்று, மகனின் கண்ணே.

மாணவ நண்பர்காள்! நாளும் கண்ணாடி முன் நின்று தலை வாரும் பருவத்தில் உள்ளோம். வாருதல் தவறன்று. ஆயினும் நம் பார்வைக்கு உட்பட்டு வாழும் பிறர்க்கு நாமே ஒரு கண்ணாடி என்பதை மறவாதிருப்போமாக. அக்கண்ணாடியில் அவர் தம் நரையையும் நிறத்தையும் காண்பரோ, தம் மதிப்பைக் காண்பரோ என்பது நம் கையில் உள்ளது.