மின்னணு மேதை ஏ. எஸ். ராவ்

ஐதராபாத்தில் பயிலும் தமிழ் மாணவர்களுள் ஏ. எஸ். ராவ் நகர் என்னும் பெயரைக் கேளாதார் அரியர். அந்த ராவ் யார் என்று கேட்டாலோ நம்மில் பலர் விழிப்போம். ஊர்ப்பகுதி ஒன்றுக்குத் தம் பெயரை விட்டுச்சென்ற அப்பெருமகனாரின் வாழ்வை அறிந்துகொள்வது நம் கடமையாகும்.

அய்யகாரி சாம்பசிவ ராவ் என்பது அவருடைய முழுப்பெயர். 1914ஆம் ஆண்டு, ஆந்திர நாட்டின் மேற்குக் கோதாவரிப் பகுதியில் மோகல்லு என்னும் சிற்றூரில் பிறந்தார். காசி இந்துப் பல்கலைக்கழகத்தில் இயற்பியல் பயின்று, அங்கேயே ஆசிரியராகவும் பணிபுரிந்தார். பின்னர் அமெரிக்காவின் ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்தில் மின்பொறியியல் கற்றுத் தாயகம் திரும்பினார். ஹோமி பாபாவின் குழுவில் இணைந்தார்.

நாடு அப்போதுதான் விடுதலை பெற்றிருந்தது. பம்பாய்க்கு அருகே டிராம்பேயில் அணு உலை ஒன்றை அமைக்க பாபா முனைந்தார். உலையின் உயிர்நாடி அதன் கட்டுப்பாட்டுக் கருவிகள். உள்ளே நியூட்ரான்கள் எத்தனை பெருகுகின்றன என்று அவை நொடிதோறும் கணக்கிட வேண்டும். அளவு மீறினால் அக்கணமே உலையை நிறுத்த வேண்டும். கருவி பொய்த்தால் உலை கட்டுக்கடங்காது. இத்தகைய கருவிகளை இங்கேயே செய்யும் பொறுப்பை ராவும் அவர்தம் இளம் பொறியாளர்களும் ஏற்றனர். எரிபொருள் பிரிட்டனிலிருந்து வந்தது. கட்டுப்பாட்டுக் கருவிகளோ நம்மவர் கைவேலை. 1956 ஆகஸ்டு 4ஆம் நாள் 'அப்சரா' உலை இயங்கத் தொடங்கியது.

1962இல் நடந்த சீனப் போர் நாட்டுக்கு ஒரு பாடம் புகட்டியது. மின்னணுக் கருவிகளுக்குப் பிறர் கையை எதிர்பார்த்திருப்பது ஆபத்து என்பதே அது. அடுத்த ஆண்டு பாபாவின் தலைமையில் மின்னணுக் குழு அமைந்தது. ராவ் அதில் உறுப்பினர். 1966 ஜனவரியில் பாபா விமான விபத்தில் மறைந்தார். ஆயினும் வேலை நின்றுவிடவில்லை. 1967 ஏப்ரல் 11ஆம் நாள் ஐதராபாத்தில் இந்திய மின்னணுக் கழகம், அதாவது நாம் ஈ.சி.ஐ.எல். என்று அழைக்கும் நிறுவனம் பிறந்தது. அதன் முதல் மேலாண்மை இயக்குநர் ராவ்.

மின்னணுக் கருவி ஒன்றைத் திறந்து பாருங்கள். உள்ளே அச்சுச் சுற்றுப்பலகை இருக்கும். ஒரு பக்கம் மட்டும் செப்புக் கோடுகள் இருந்தால், ஒன்றையொன்று தொடாமல் குறுக்கே செல்ல வழியில்லை. ஆகவே இரு பக்கமும் கோடு இடுகின்றனர். இதை நம் விடுதி அறையிலேயே செய்யலாம். இருபுறமும் செப்புத்தகடு ஒட்டிய பலகையில், வேண்டிய கோடுகளை மையால் மூடி, பெர்ரிக் குளோரைடு கரைசலில் இட்டால், மூடாத செம்பு கரைந்துபோகும். பிறகு துளையிட்டு, மெல்லிய கம்பியை நுழைத்து, இருபுறமும் பற்றவைத்தால் இரு பக்கங்களும் இணையும். ஒரு பக்கத்துப் படம் மயிரிழை விலகினாலும் துளை தவறும், உழைப்பு வீணாகும்.

ஒரு பலகையைப் பொறுமையுள்ள மாணவன் செய்துவிடலாம். ஆயிரம் பலகைகளை ஒன்றுபோலச் செய்வதோ வேறு வேலை. அதற்குப் பயிற்சி பெற்ற கைகளும், உதிரிப்பொருள்களும், பிழை பொறுக்காத சோதனையும் வேண்டும். இவற்றை நம் மண்ணில் வேரூன்றச் செய்ததே ராவின் அருஞ்செயல். 1969இல் டிராம்பேயில் உருவான டி.டி.சி.-12 கணிப்பொறியை ஈ.சி.ஐ.எல். விற்பனைக்குக் கொண்டுவந்தது. தொலைக்காட்சிப் பெட்டிகளும் அங்கே உருவாயின. நாம் வாக்களிக்கும் மின்னணு எந்திரங்களைச் செய்யும் இரு நிறுவனங்களுள் ஒன்றும் அதுவே.

1965இல் பட்நாகர் பரிசும், 1972இல் பத்மபூஷண் விருதும் அவரை நாடி வந்தன. 1978இல் ஓய்வு பெற்று, 2003இல் மறைந்தார்.

விலைக்கு வாங்கினால் கருவி மட்டுமே கிடைக்கும். நாமே செய்தால் கருவியோடு அறிவும் கிடைக்கும். பழுதுற்றால் திருத்தும் துணிவும் கிடைக்கும். தோழர்களே! நம் செய்முறைக் குறிப்பேட்டைப் பிறர் ஏட்டைப் பார்த்து நிரப்பும் பழக்கம் நம்மிடையே உண்டு. அதை விடுவோம். கை கறுத்தாலும் நாமே செய்து பார்ப்போம். ராவுக்கு நாம் செலுத்தும் நன்றி அதுவே.