ஹைதராபாத் வாத்தியார்

சென்னையின் எஃப்சிக்கு புது கோச் வர்ற ஒவ்வொரு தடவையும் ஹாஸ்டல் டிவி ரூம்ல ஒரு பட்டிமன்றம் நடக்குது. 2014ல் மட்டராஸி வந்தப்போ, உலகக் கோப்பை ஜெயிச்ச மனுஷன் நம்ம ஊருக்கு வர்றார்னு ஒரு குரூப் ஆடித் தீர்த்துச்சு. அடுத்த வருஷமே கோப்பை வந்தது. 2018ல் ஜான் கிரகரி இன்னொரு கோப்பை வாங்கிக் கொடுத்தார். ஆக, வெளிநாட்டு கோச் வேணும்கிற கட்சிக்கு ஆதாரம் பலமாவே இருக்கு. 2025 ஆகஸ்டில் காலித் ஜமீலை இந்திய அணிக்கு கோச்சா போட்டாங்க. 13 வருஷத்துக்கு அப்புறம் வந்த இந்திய கோச். உடனே அந்தக் கட்சி உச்சுக் கொட்டுச்சு, எதிர்க்கட்சி விசில் அடிச்சுச்சு.

ரெண்டு கட்சிக்கும் ஒரு ஆளை அறிமுகப்படுத்தணும். பேரு சையது அப்துல் ரஹீம். 'மைதான்' படம் பார்த்தவங்களுக்கு அஜய் தேவ்கன் முகம் ஞாபகத்துக்கு வரும். படத்தைக் கொஞ்ச நேரம் ஓரமா வச்சிருவோம்.

1909 ஆகஸ்ட் 17ல் ஹைதராபாத்தில் பிறந்தார். உஸ்மானியா பல்கலைக்கழகத்தில் படிச்சார், பந்தும் ஆடினார். அப்புறம் பள்ளிக்கூட வாத்தியார் வேலை. உடற்கல்வியில் டிப்ளமோவும் முடிச்சார். நம்ம பாஷையில் சொன்னா பி.டி. வாத்தியார். அவரைப் பத்திப் படிக்கப் படிக்க, அந்த வாத்தியார் குணம் கடைசி வரைக்கும் போகலைன்னு தெரியுது. 1943ல் ஹைதராபாத் கால்பந்து சங்கத்துக்குச் செயலாளர் ஆனார். 1950லிருந்து ஹைதராபாத் சிட்டி போலீஸ் அணிக்கு கோச். அந்த அணி 1950 முதல் 1954 வரை வரிசையா 5 ரோவர்ஸ் கோப்பை ஜெயிச்சது. அந்தக் காலத்தில் இந்தியக் கால்பந்துன்னாலே கல்கத்தாதான். மோகன் பகானும் ஈஸ்ட் பெங்காலும் அங்கேதான். தெற்கே இருந்து ஒரு போலீஸ் டீம் வந்து 5 வருஷம் கோப்பையைத் தூக்கிட்டுப் போனா அவங்களுக்கு எப்படி இருந்திருக்கும்? கல்கத்தா ரசிகருக்கு ஹைதராபாத்காரரும் ஒரு வகையில் வெளிநாட்டு கோச்தான்.

அவர் சொல்லிக்கொடுத்த முறையை இன்ஜினியரிங் பசங்க ரசிப்பீங்க. கூடுதலா எதையும் கொடுக்காம, இருக்கிறதைப் பிடுங்கிக்கிட்டு ஆடச் சொல்வார். பலமில்லாத காலால் மட்டும் உதைக்கணும்னு ஒரு போட்டி வைப்பார். வலதுகால்காரன் இடதுகாலால் மட்டும், இடதுகால்காரன் வலதால் மட்டும். டிரிப்ளிங்கே கூடாதுன்னு இன்னொரு போட்டி. பந்து வந்தா அடுத்தவனுக்குக் கொடுத்தே ஆகணும். கன்ஸ்ட்ரெயின்ட் போட்டா டிசைன் தானா மாறும்னு நமக்கு இப்போ வகுப்பில் சொல்றாங்க. அவர் இதை மைதானத்தில் வச்சுக் காட்டினார்.

1951ல் டெல்லியில் முதல் ஆசியப் போட்டி. ரஹீம்தான் இந்திய அணிக்கு கோச். இறுதிப் போட்டியில் மேவாலால் அடிச்ச ஒரே கோலில் ஈரானை ஜெயிச்சுத் தங்கம். அடுத்த வருஷம் ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் யூகோஸ்லாவியா நம்மை 10-1ன்னு நொறுக்கியது. குளிரில், நம்ம ஆளுங்க பலர் வெறுங்காலோட ஆடினாங்க. எங்க நாரணாபுரம் பக்கம் கரிசல் காட்டுல, சீமைக்கருவேல முள்ளுக்கு நடுவுல வெறுங்கால்ல ஆடிப் பழகினவனுக்கு பூட்ஸ் போட்டா பந்து எங்க இருக்குன்னே தெரியாது. அதனால அவங்க ஏன் பூட்ஸை வேண்டாம்னாங்கன்னு எனக்குப் புரியுது. ஈரமான புல் தரையில் அது எடுபடாதுங்கிறதும் புரியுது. அதுக்கப்புறம் பூட்ஸ் கட்டாயம் ஆச்சு.

ஒருத்தன் 10 கோல் வாங்கினா ரெண்டு வழி இருக்கு. விதியைத் திட்டலாம், இல்லேன்னா அடிச்சவன் எப்படி அடிச்சான்னு உட்கார்ந்து பார்க்கலாம். ரஹீம் ரெண்டாவது ரகம். அந்த ஒலிம்பிக்கில் தங்கம் வாங்கினது ஹங்கேரி. ஐரோப்பாக்காரங்க ஆடின விதத்தைப் பாடமா எடுத்துக்கிட்டு, பழைய டபிள்யூ-எம் வியூகத்திலிருந்து நம்ம ஆட்டத்தைக் கொஞ்சம் கொஞ்சமா நகர்த்தினார். வெளிநாட்டு ஆள் வராமலே வெளிநாட்டு வித்தை வந்து சேர்ந்தது.

1956 மெல்போர்னில் அதுக்குப் பலன் தெரிஞ்சது. போட்டியை நடத்தின ஆஸ்திரேலியாவை அவங்க ஊர்லயே 4-2ன்னு ஜெயிச்சோம். நெவில் டிசோசா ஹாட்ரிக். ஒலிம்பிக் கால்பந்தில் அரையிறுதிக்குப் போன முதல் ஆசிய அணி இந்தியா. அரையிறுதியில் மறுபடியும் அதே யூகோஸ்லாவியா. முதல் கோலை நாம அடிச்சும் 4-1ன்னு தோத்தோம். வெண்கலத்துக்கான ஆட்டத்தில் பல்கேரியாகிட்ட 3-0. ஆனா 10-1 வாங்கினது 4 வருஷத்துக்கு முன்னாடிங்கிறதை மறந்துடாதீங்க.

இப்போ வயித்தெரிச்சல் பகுதி. நடுவுல 1954 மணிலா, 1958 டோக்கியோன்னு 2 ஆசியப் போட்டி நடந்தது. ரெண்டுக்கும் ரஹீம் கோச் இல்லை, வேற ஆட்கள் போனாங்க. மணிலாவில் முதல் சுற்றோட வெளியே. டோக்கியோவில் 4வது இடம். அவர் போன ரெண்டு ஆசியப் போட்டியிலும் தங்கம், போகாத ரெண்டிலும் வெறுங்கை. இதுக்கு மேல டேட்டா வேணும்னா நான் என்ன செய்ய?

1960 ரோம் ஒலிம்பிக்கில் கடினமான குரூப். ஹங்கேரிகிட்ட 2-1, பெருகிட்ட 3-1ன்னு தோல்வி, பிரான்ஸோட 1-1 டிரா. அந்த அணியில் ரஹீமோட மகன் ஹக்கீமும் இருந்தார். மகனா இருந்தும் ஒரு ஆட்டத்தில் கூட இறங்கலை. எனக்கு ரொம்பப் பிடிச்ச தகவல் இதுதான்.

1962 ஜகார்த்தா. ரஹீமுக்கு நுரையீரல் புற்றுநோய். அந்த உடம்போட அணியைக் கூட்டிட்டுப் போனார். முதல் ஆட்டமே தென்கொரியாகிட்ட 2-0 தோல்வி. அடுத்து தாய்லாந்தை 4-1ன்னு ஜெயிச்சாலும், தடுப்பாட்டக்காரர் ஜர்னைல் சிங்குக்குத் தலையில் அடிபட்டுத் தையல். ஊர் நிலவரம் அதைவிட மோசம். இஸ்ரேலுக்கும் தைவானுக்கும் இந்தோனேசியா விசா தரலை. அப்படின்னா இதை ஆசியப் போட்டின்னு சொல்லக் கூடாதுன்னு இந்தியாவைச் சேர்ந்த ஒலிம்பிக் நிர்வாகி சோந்தி ஆட்சேபிச்சார். கோபம் முழுக்க நம்ம பக்கம் திரும்பி, கூட்டம் இந்தியத் தூதரகத்தையே தாக்குச்சு. இது நடந்தது செப்டம்பர் 3. அடுத்த நாள் இறுதிப் போட்டி, எதிரே அதே தென்கொரியா.

முந்தின ராத்திரி ரஹீம் பசங்களைக் கூப்பிட்டு, நாளைக்கு எனக்கு ஒரு பரிசு வேணும், அது தங்கம்ங்கிற மாதிரி கேட்டார்னு ஆடினவங்க பின்னால நினைவுகூர்ந்திருக்காங்க. ஆனா அவர் வெறும் உருக்கத்தை நம்பி உட்காரலை. கொரியர்கள் உயரப் பந்து ஆடுவாங்கன்னு, காய்ச்சலிலிருந்து தேறி வந்த நெடிய பீட்டர் தங்கராஜைக் கோல்கம்பத்தில் நிறுத்தினார். மெட்ராஸ் ரெஜிமென்ட் சென்டருக்காக ஆடி டுராண்ட் கோப்பை ஜெயிச்ச அதே தங்கராஜ். தலையில் தையலோட தடுப்பாட்டம் ஆட வேண்டாம்னு ஜர்னைலைத் தூக்கி முன்களத்தில் போட்டார். ஏறக்குறைய 1 லட்சம் பேர், இந்தியப் பேரைக் கேட்டாலே கூச்சல். பி.கே. பானர்ஜி ஒரு கோல். சில நிமிஷத்தில் ஜர்னைல் இன்னொன்னு, அதுவும் அடிபட்ட அதே தலையால. கடைசியில் கொரியா ஒன்னு திருப்பினாலும் 2-1. தங்கம்.

1963 ஜூன் 11ல் ரஹீம் இறந்தார். வயசு 53.

அதுக்கப்புறம் வந்தவர் ஹாரி ரைட், இங்கிலாந்துக்காரர். 1964ல் இஸ்ரேலில் நடந்த ஆசியக் கோப்பையில் அவர் கோச்சா இருக்க இந்தியா 2வது இடம் பிடிச்சது. கொரியாவை 2-0, ஹாங்காங்கை 3-1 ஜெயிச்சு, இஸ்ரேல்கிட்ட மட்டும் தோத்தோம். ஆசியக் கோப்பையில் இன்னிக்கு வரைக்கும் நம்ம உச்சம் அதுதான். வெளிநாட்டு கோச் கட்சிக்காரங்க இதையும் கணக்கில் சேர்த்துக்கலாம், தப்பில்லை. அந்த அணியில் ரஹீம் வளர்த்த பசங்க எத்தனை பேருன்னும் ஒரு தடவை எண்ணிப் பாருங்க. சுனி கோஸ்வாமிதான் ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி ஜகார்த்தாவிலும் கேப்டன்.

ஆசியப் போட்டிக் கால்பந்தில் அதுக்கப்புறம் நமக்கு வந்தது ஒரே பதக்கம், 1970 வெண்கலம். கோச்களுக்குன்னு துரோணாச்சாரியா விருதை 1985ல் ஆரம்பிச்சாங்க. அப்போ ரஹீம் இறந்து 22 வருஷம் ஆகியிருந்தது. ரோமில் பெஞ்சிலேயே உட்கார்ந்திருந்த மகன் ஹக்கீம் பின்னாளில் ஃபிஃபா நடுவரா விசில் ஊதினார், இந்திய அணிக்கும் பயிற்சி கொடுத்தார். 2021 ஆகஸ்டில் அவரும் போயிட்டார். அப்பாவைப் பத்தின படம் 2024ல்தான் தியேட்டருக்கு வந்தது.