கணினிக்குப் பொதுமொழி தேடிய கிரேஸ் ஹாப்பர்

கணினி ஒரு வேலையைச் செய்ய வேண்டுமானால் அதற்கு நிரல் தேவை. 1950ஆம் ஆண்டுகளில் ஒவ்வொரு வகைக் கணினிக்கும் தனித்தனிக் குறியீடுகள் இருந்தன. ஒன்றுக்காக எழுதிய நிரல் மற்றொன்றுக்குப் பயன்படாது. இந்நிலையை மாற்றப் பாடுபட்டவர்களுள் முக்கியமானவர் கிரேஸ் ஹாப்பர்.

கிரேஸ் 1906ஆம் ஆண்டு டிசம்பர் 9ஆம் நாள் நியூயார்க் நகரில் பிறந்தார். ஏழு வயதில், அலாரக் கடிகாரம் எப்படி இயங்குகிறது என்று அறிய விரும்பி, வீட்டிலிருந்த கடிகாரங்களை ஒவ்வொன்றாகக் கழற்றினார். இதை அறிந்த தாயார், இனி ஒரு கடிகாரத்தை மட்டும் கழற்றலாம் என்று அனுமதி தந்தார். பின்னர் வாசர் கல்லூரியில் கணிதம் கற்பித்துவந்த கிரேஸ், 1934இல் யேல் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்றார்.

இரண்டாம் உலகப் போரின்போது அவர் கடற்படையில் சேர விரும்பினார். வயது அதிகம், உடல் எடை குறைவு என்ற தடைகள் இருந்தன. ஆயினும், விடாமுயற்சியால் சிறப்பு அனுமதி பெற்றுச் சேர்ந்தார். 1944இல் ஹார்வர்டு பல்கலைக்கழகத்திலிருந்த ‘மார்க் 1’ கணினியில் பணியாற்ற அனுப்பப்பட்டார். ஏறத்தாழ 15 மீட்டர் நீளமுள்ள அந்த இயந்திரத்திற்குரிய கட்டளைகளைக் காகித நாடாவில் துளைகளாக இட வேண்டும். ஒரு துளை இடம் மாறினாலும் விடை தவறாகிவிடும்.

ஒரே வகைக் கட்டளைகளை மனிதர்கள் மீண்டும் மீண்டும் கையால் எழுதுவதால் பிழைகள் பெருகுவதைக் கிரேஸ் கவனித்தார். அந்த வேலையைக் கணினியிடமே ஒப்படைக்க எண்ணினார். 1952இல், தேவையான கட்டளைத் தொகுதிகளைத் தானே திரட்டி முழு நிரலாக்கும் ‘கம்பைலர்’ ஒன்றை உருவாக்கினார. கணினிக்குக் கணக்கிட மட்டுமே தெரியும் என்று கருதிய பலர் அதை நம்பவில்லை. அவரோ தளரவில்லை. அலுவலகப் பணியாளர்களுக்கும் எளிதாகப் புரியும்படி, ஆங்கிலச் சொற்களால் கட்டளையிடும் ‘ஃப்ளோ-மேட்டிக்’ என்னும் மொழியையும் தம் குழுவினருடன் உருவாக்கினார்.

ஆனால், ஒவ்வொரு நிறுவனமும் தனக்கென ஒரு மொழியை உருவாக்கத் தொடங்கியது. புதிய கணினி வாங்கினால் பழைய நிரல்களை எல்லாம் திரும்ப எழுத வேண்டியிருந்தது. இதற்குத் தீர்வு காண, 1959இல் அமெரிக்கத் தற்காப்பு அமைச்சின் ஆதரவில் போட்டி நிறுவனங்கள் ஒன்றுகூடின. அங்கு அமைக்கப்பட்ட குழுவினர் ‘கோபால்’ என்னும் பொதுமொழியை வடிவமைத்தனர். கிரேஸ் ஆலோசகராக இருந்தார். அவருடைய ஃப்ளோ-மேட்டிக் மொழியே அதற்கு முக்கிய அடிப்படையாக அமைந்தது. 1960 டிசம்பரில், இரு வேறு நிறுவனங்களின் கணினிகளில் ஒரே நிரல் மிகச் சில மாற்றங்களுடன் இயங்கிக் காட்டியது.

அத்துடன் சிக்கல் தீரவில்லை. ஒவ்வொரு நிறுவனமும் கோபாலைத் தன் விருப்பப்படி மாற்றியது. 1966இல் பணி ஓய்வு பெற்ற கிரேஸைக் கடற்படை மறு ஆண்டே திரும்ப அழைத்தது. ஒரு கம்பைலர் பொது விதிகளைப் பின்பற்றுகிறதா என்று சோதிக்கும் நிரல்களை அவருடைய குழு உருவாக்கியது. விதிகளை எழுதி வைத்தால் மட்டும் போதாது, அவை பின்பற்றப்படுவதையும் உறுதிசெய்ய வேண்டும் என்பதை அவர் உணர்ந்திருந்தார்.

1968இல் கோபால் அமெரிக்கத் தேசியத் தரநிலையாக ஏற்கப்பட்டது. காலத்தின் தேவைக்கேற்ப 1974, 1985 ஆகிய ஆண்டுகளிலும் அதன்பின்னரும் அது திருத்தப்பட்டது. கிரேஸும் மாற்றத்தை வரவேற்றவரே. பழக்கத்தை மட்டுமே காரணம் காட்டுவோருக்குப் பாடமாக, எதிர்த்திசையில் சுழலும் கடிகாரத்தைத் தம் அலுவலகச் சுவரில் மாட்டியிருந்தார். அதுவும் சரியான நேரத்தையே காட்டியது!

1986இல் தமது 79ஆம் வயதில் ரியர் அட்மிரல் பதவியிலிருந்து ஓய்வு பெற்ற அவர், 1992 ஜனவரி 1ஆம் நாள் காலமானார். கோபாலில் எழுதப்பட்ட நிரல்கள் இன்றும் பல வங்கிகளில் இயங்கிக்கொண்டிருக்கின்றன. போட்டியாளர்களும் ஒரு பொது விதிக்கு உடன்பட்டதால்தான், இயந்திரங்கள் மாறியபோதும் அவர்களின் உழைப்பு வீணாகவில்லை.