அடித்தல் திருத்தலில் பிறந்த ஓவியம்

கவிஞர் தாகூரை அறியாதார் இலர். ஓவியர் தாகூரை அறிந்தோர் சிலரே. 1861இல் கல்கத்தாவில் பிறந்து, 1913இல் இலக்கிய நோபல் பரிசு பெற்ற அவர், கையெழுத்துப் படியில் பிடிக்காத வரிகளை அடிப்பார். அடித்தவை அலங்கோலமாய்க் கிடப்பதை அவர் மனம் ஒப்பாது. கோடுகளை இணைப்பார், பறவையும் விலங்கும் எழும். 1924இல் அர்ஜென்டினாவில் அவற்றைக் கண்டு வியந்த எழுத்தாளர் விக்டோரியா ஒகாம்போ, 1930இல் பாரிஸில் ஓவியக் காட்சி நடைபெறத் துணைநின்றார். அப்போது கவிஞர் எழுபதை நெருங்கிக்கொண்டிருந்தார். 1941இல் மறையுமுன் வரைந்தவை 2000க்கும் மேல்.

மழையையும் ஆற்றையும் சொல்லால் தீட்டிய அவர், தம் படங்களுக்குப் பெயர் சூட்ட விரும்பவில்லை. சொல் நின்ற இடத்தில் தொடங்கிய கோட்டுக்கு மீண்டும் சொல் எதற்கு? அடித்த வரிக்கு நாணும் மாணவ நண்பர்களே, அதையும் சற்று உற்று நோக்குவோம்.