உள்ளத்தை ஆய்ந்தவர் வானொலி தந்தார்

உளநூல் யாருக்குப் பயன்படும் என்று கேட்டால், நம் மாணவரிற் பலர் இருவகை விடை தருவர். மனநோயாளரைத் தெளிவிக்கும் மருத்துவம் அது என்பர் சிலர். பாட்டி சொன்ன பழமொழிகளை நீட்டி முழக்கும் படிப்பு அது என்பர் வேறு சிலர். இயற்பியலில் முதுநிலை பயிலும் நான், சென்ற பருவத்தில் விருப்பப் பாடமாக அறிமுக உளநூலை எடுத்துக்கொண்டபோது, இவ்விரு விடைகளையும் நண்பர்களிடம் பன்முறை கேட்டேன். அவர்களோடு வாதிட எனக்கு ஆசையில்லை. அப்பாடத்தை இம்மைசூரில் வேரூன்றச் செய்த ஒருவரின் வாழ்வை எடுத்துச் சொன்னால் போதும் என்று தோன்றுகிறது. அவர் பெயர் எம். வி. கோபாலசுவாமி. வானொலி வரலாறு அறிந்தோர் அவரை நன்கறிவர். அவர் உளநூற் பேராசிரியர் என்பதைத்தான் பலர் மறந்துவிட்டனர்.

மைசூர்ப் பல்கலைக்கழகம் 1916ஆம் ஆண்டு, நான்காம் கிருஷ்ணராஜ உடையார் ஆட்சியில் தோன்றியது. அந்நாளில் உள்ளத்தைப் பற்றிய ஆராய்ச்சி, தத்துவத்தின் ஒரு கிளையாகவே இங்கும் கருதப்பட்டது. திருத்தணியிற் பிறந்த நம் சர்வபள்ளி இராதாகிருஷ்ணன் 1918 முதல் சில ஆண்டுகள் இங்கே தத்துவப் பேராசிரியராக இருந்தார் என்பது நம்மவர்க்கு மகிழ்ச்சி தரும் செய்தி. அவருக்குப் பின் வந்த ஆண்டுகளில் துணைவேந்தராக இருந்தவர் வங்க அறிஞர் பிரஜேந்திரநாத் சீல். கல்கத்தாவில் சோதனைமுறை உளநூலுக்கு 1905ஆம் ஆண்டிலேயே பாடத்திட்டம் வகுத்தவர் அவர். இந்தியாவின் முதல் உளநூல் துறை 1916இல் கல்கத்தாவில் எழுந்தது. அடுத்த துறை 1924இல் மைசூரில் எழுந்தது. அதற்குத் தலைமை தாங்க வந்தவரே கோபாலசுவாமி.

அவர் லண்டன் பல்கலைக்கழகத்தில் சார்லஸ் ஸ்பியர்மனிடம் பயின்று டாக்டர் பட்டம் பெற்றுத் திரும்பியவர். ஸ்பியர்மன் கதையும் சுவையானது. படையதிகாரியாகப் பல ஆண்டுகள் பணியாற்றிவிட்டு, அப்பணியைத் துறந்து, ஜெர்மனியில் லைப்சிக் நகருக்குச் சென்று, 1879இல் உளநூல் ஆய்வுக்கூடம் நிறுவிய வுண்டிடம் மாணவராக அமர்ந்தவர் அவர். ஒரு பாடத்தில் நன்றாகச் செய்யும் மாணவன் மற்றப் பாடங்களிலும் பெரும்பாலும் நன்றாகவே செய்கிறான். அதற்குக் காரணம், எல்லாவற்றிற்கும் அடியில் நிற்கும் பொதுவான ஓர் அறிவாற்றலே என்பது 1904இல் அவர் வெளியிட்ட கருத்து. அது சரியா தவறா என்ற வாதம் இன்றும் ஓயவில்லை. ஆயினும் உள்ளத்தையும் எண்ணால் ஆராயலாம் என்ற துணிவு அவரிடமிருந்து அவர் மாணவருக்கு வந்தது.

அந்தத் துணிவோடு கோபாலசுவாமி எடுத்துக்கொண்ட பொருள் என்ன? மறுபிறவியா, ஆன்மாவா? இல்லை. கையால் செய்யும் ஒரு வேலையை மனிதன் எப்படிக் கற்றுக்கொள்கிறான், அதில் அறிவுக்குப் பங்கு எவ்வளவு, முயற்சி எப்படிச் சிக்கனமாகிறது என்பதே அவர் பொருள். பிரிட்டிஷ் உளநூல் ஆய்விதழில் 1924, 1925ஆம் ஆண்டுகளில் அவர் கட்டுரைகள் இதைப் பற்றி வந்தன. மிதிவண்டி ஓட்டுதல், கோலம் போடுதல், பூத் தொடுத்தல் ஆகிய எல்லாம் இந்த வகையைச் சேர்ந்த கல்விதானே! வீட்டு முற்றத்தில் நடப்பதை ஆய்வுக்கூடத்திற்கு எடுத்துச் சென்றவர் அவர் என்று சொல்வது மிகையாகாது.

இவ்வகை ஆய்வுகளிற் புகழ்பெற்ற ஒன்றை எங்கள் வகுப்பிலும் செய்தோம். தாளில் இரட்டைக் கோட்டால் வரைந்த ஒரு நட்சத்திரம் இருக்கும். தாளை நேரே பார்க்காமல் கண்ணாடியில் மட்டும் பார்த்து, இரு கோடுகளுக்கும் இடையே பென்சிலை ஓட்டவேண்டும். முதல் முறை கை நம் சொற்கேளாது. மேலே போ என்றால் கீழே போகும். ஐந்தாறு முறை முயன்றபின் கை பணிந்துவிடும். எப்படிப் பணிந்தது என்று சொல்லத்தான் நம்மால் முடியாது. அமெரிக்காவில் ஹென்றி மொலைசன் என்பவருக்கு 1953இல் மூளையில் அறுவை நடந்தது. அதன்பின் புதிய நிகழ்ச்சி எதுவும் அவர் நினைவில் தங்கவில்லை. பிரெண்டா மில்னர் என்னும் அம்மையார் அவரை இதே நட்சத்திரத்தை மூன்று நாட்கள் வரையச் செய்தார். முன்பு செய்த நினைவே அவருக்கு இல்லை. கையோ நாளுக்கு நாள் தேர்ந்துகொண்டே வந்தது. அறிந்திருத்தல் வேறு, செய்யத் தெரிந்திருத்தல் வேறு என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா? சூத்திரத்தை ஒப்பிக்கும் நம்மிற் சிலர் கணக்கின் முன் திகைப்பதும், கணக்கைப் போட்டுவிடும் வேறு சிலர் விளக்கக் கேட்டால் விழிப்பதும் இதனால்தான்.

அறிவை அளப்பது பற்றியும் இங்கே ஒரு சொல் சொல்லவேண்டும். பாரிஸ் நகரப் பள்ளிகளில் தனி உதவி தேவைப்படும் பிள்ளைகளைக் கண்டறிய 1905இல் ஆல்பிரட் பினே ஓர் அளவுகோலை அமைத்தார். பிள்ளையின் அறிவு மாறாத ஓர் எண் என்று அவர் கருதவில்லை. பிற நாடுகளுக்குச் சென்றபின் அந்த எண்ணே நெற்றியில் எழுதிய எழுத்தாகப் பலரால் கொள்ளப்பட்டது. பாரிஸ் பிள்ளைக்கு எழுதிய கேள்வியைக் கன்னடப் பிள்ளையிடம் அப்படியே கேட்டால், அளக்கப்படுவது அறிவா, அயல் பழக்கமா? இதை உணர்ந்து, தார்வாரில் வி. வி. காமத் என்பவர் கன்னடம், மராத்தி பேசும் பிள்ளைகளுக்கென அந்த அளவுகோலைத் திருத்தியமைத்து, 1940இல் நூலாக வெளியிட்டார். தமிழகத்திலிருந்து இங்கு வந்து, கன்னடம் புரியாமல் முதல் ஆண்டில் வாய்மூடி நிற்கும் நம் தம்பி தங்கையர் இதை மனத்தில் கொள்ளவேண்டும். மொழி தெரியாமல் தயங்குவது அறிவுக்குறைவு ஆகாது. முதல் பருவ மதிப்பெண் வாழ்நாள் மதிப்பெண்ணும் ஆகாது.

இனி வானொலிக்கு வருவோம்.

1924ஆம் ஆண்டிலேயே சென்னையில் ஆர்வலர் சிலர் ரேடியோ சங்கம் ஒன்றைத் தொடங்கினர். பணமின்றி அது 1927இல் நின்றுபோயிற்று. அதன்பின் சென்னை மாநகராட்சி 1930இல் ஒலிபரப்பை ஏற்று நடத்தியது. இத்தகைய காலத்தில், மைசூரில் தனியொரு பேராசிரியர் தம் வீடான விட்டல் விஹாரிலேயே வானொலி நிலையம் ஒன்றை அமைத்தார். 1935ஆம் ஆண்டு செப்டம்பர் 10ஆம் நாள் அது பேசத் தொடங்கியது. ஒலிபரப்புக் கருவியின் ஆற்றல் 30 வாட். வீட்டில் எரியும் பழைய குண்டு விளக்கு 60 வாட் என்பதை நினைத்தால், அது எவ்வளவு சிறியது என்பது விளங்கும். ஆயினும், ஆற்றல் சிறிதாயினும் அலைக்கு வழி தெரியும். நகரத்து வீடுகளுக்கு அது போதுமானதாயிற்று. பின்னர் 250 வாட் கருவி வெளிநாட்டிலிருந்து வந்தது.

செலவு பெரும்பாலும் அவருடையது. பேராசிரியர் சம்பளத்தில் ஒலிபரப்பு நடத்துவது எளிதா? மகாராஜா கல்லூரியில் அவரோடு பணியாற்றியவர்கள் துணைக்கு வந்தனர். அங்கே ஆசிரியராக இருந்த நா. கஸ்தூரி நிலையப் பணியில் தோள்கொடுத்தார். கன்னடக் கவிஞர் குவெம்பு போன்றோரின் குரலும் இந்நிலையத்தின் வழியே வீடுகளுக்குச் சென்றது. பாட்டும் பேச்சும் கவிதையும், அதுவரை அரண்மனைத் தர்பாரிலும் கல்லூரி மண்டபத்திலும் இருந்தவை, சமையலறை வரை வந்தன.

உளநூற் பேராசிரியருக்கு வானொலி எதற்கு என்று கேட்கத் தோன்றும். எனக்கு இதில் வியப்பில்லை. மனிதன் எப்படிக் கவனிக்கிறான், எப்படிக் கற்கிறான் என்பதையே வாழ்நாளெல்லாம் ஆய்ந்தவருக்கு, வகுப்பறைக்கு வர இயலாதவரின் காதுக்குச் சொல்லை அனுப்பும் கருவி ஒன்று கிடைத்தால், அவர் சும்மா இருப்பாரா? படிப்பு நாற்பது மாணவரோடு நின்றுவிட அவர் விரும்பவில்லை என்றே நான் கொள்கிறேன்.

அந்த நிலையத்துக்கு ஆகாசவாணி என்பது பெயர். அந்தப் பெயரைத்தான் இந்திய அரசு வானொலி 1950களின் பிற்பகுதியில் நாடு முழுவதற்கும் எடுத்துக்கொண்டது. தமிழகத்தில் அதன்மேல் எழுந்த எதிர்ப்பை நாம் அறிவோம். வானொலி என்னும் அழகிய சொல் நம்மிடம் இருக்க, பிறசொல் எதற்கு என்று நம் முன்னோர் கேட்டது நேர்மையான கேள்வி. ஒரே சொல் மைசூரில் ஒருவர் வீட்டில் பிறந்தபோது பாராட்டப்பட்டது. மேலிருந்து ஆணையாக இறங்கியபோது சென்னையில் கசந்தது. சொல்லில் மாற்றமில்லை, வந்த வழியில்தான் மாற்றம். தன் உரிமை பறிபோகிறது என்று தோன்றினால் மனிதன் எதிர்த்து நிற்பான் என்பதை ஜாக் பிரெம் என்னும் அமெரிக்க அறிஞர் 1966இல் ஒரு கொள்கையாகவே வகுத்தார். திணிப்பவர் எவராயினும் நினைவில் வைக்கவேண்டிய பாடம் இது. அதே வேளையில், அச்சொல்லைப் பெற்ற வீட்டின்மேல் நமக்குப் பகை வேண்டியதில்லை என்பதும் இதிலேயே அடங்கியிருக்கிறது.

1942இல் மைசூர் அரசு நிலையத்தை ஏற்றது. 1950இல் அது அகில இந்திய வானொலியோடு இணைந்தது. 1955இல் ஒலிபரப்பு பெங்களூருக்கு மாறியது. 1974இல் மைசூருக்கு மீண்டும் நிலையம் கிடைத்தது. இன்றும் அது யாதவகிரியில் இயங்குகிறது. பேராசிரியரின் வீடு இருந்ததும் அதன் அண்மையிலேதான். தாம் வளர்த்ததைப் பொதுச்சொத்தாக விட்டுச் சென்றவர் அவர்.

இவர் வாழ்வு எனக்கு எதைக் கற்பித்தது? நான் குடியிருப்பது தேவராஜ மொஹல்லாவில். சின்ன கடிகாரத் தூணைத் தாண்டினால் தேவராஜ சந்தை. வந்த புதிதில் சந்தையின் பேச்சு எனக்கு இடைவெளியே இல்லாத ஓர் ஒலிப்பெருக்காக இருந்தது. சில மாதங்களில், காது செய்த வேலையால், அது சொற்களாகப் பிரிந்தது. பூக்கார அம்மா ஹூவு என்றால் பூ, ஹாலு என்றால் பால், ஹல்லு என்றால் பல் என்பது பிடிபட்டதும், நம் பகரம் அங்கே ஹகரமாகிறது என்ற விதியைக் காதே கண்டுபிடித்துவிட்டது. அவர்கள் மொள என்பது நம் முழமேதான். பேச்சில் இயல்பாக இடைவெளிகள் இல்லை. கேட்பவன் மனமே அவற்றை இடுகிறது என்று வகுப்பில் சொன்னபோது, இதற்குச் சான்று என் காதிலேயே இருந்தது.

மற்றொரு பாடம் இதனினும் பெரிது. நாம் தவறினால் சூழ்நிலையைக் காரணம் காட்டுகிறோம். அயலான் தவறினால் அவன் குணமே அப்படி என்கிறோம். இதற்கு லீ ராஸ் என்பவர் 1977இல் பெயரிட்டு எழுதினார். பாட்டி இதை அறிவாள் என்பீர்கள். அறிவாள்தான். ஆனால் காவிரிச் செய்தி வரும் நாளில் அதை நினைவில் நிறுத்துவது யார்? 1991 டிசம்பரில், இடைக்காலத் தீர்ப்பை ஒட்டி, பெங்களூரிலும் மைசூர் வட்டாரத்திலும் தமிழர் தாக்கப்பட்டனர். வீடிழந்து வெளியேறியோர் பலர். அன்று வன்முறை செய்தவர் சிலர். அந்தச் சிலரைக் கொண்டு கன்னடியர் எல்லாரையும் எடைபோடுவது எளிது. அவ்வாறே, எங்கோ தமிழ்நாட்டில் நடந்த ஒன்றைக் கொண்டு என்னையும் உங்களையும் எடைபோடுவதும் அவர்களுக்கு எளிது. இரண்டும் உள்ளத்தின் ஒரே சறுக்கல். காவிரி நீர் குறையும் ஆண்டுகள் இனியும் வரும். அந்நாளில் பக்கத்து அறைத் தோழன் முகத்தில் ஒரு கூட்டத்தைப் பார்க்காமல் அவனையே பார்க்க நமக்கும் அவனுக்கும் முடியுமா என்பதில்தான் இந்தப் படிப்பின் பயன் இருக்கிறது.

பழமொழி உண்மையைச் சொல்லும். எப்போது நாம் அதை மறப்போம் என்பதைச் சொல்லாது. அதைச் சோதித்துச் சொல்வது உளநூல். கோபாலசுவாமி இதை நாற்சுவருக்குள் வைத்துப் பூட்டவில்லை. 30 வாட் ஆற்றலோடு ஊருக்குப் பேசினார்.

நம் சங்கத்தாருக்கு ஒரு வேண்டுகோள். ஆண்டுதோறும் புதிய மாணவர் வருகிறார்கள். வாரம் ஒரு மாலை, மூத்தவர் ஒருவர் அவர்களுக்குக் கன்னடம் பேசக் கற்பிக்கட்டும். அதே மாலையில் விரும்பும் கன்னட நண்பர்களுக்குத் தமிழும் கற்பிக்கட்டும். இதற்குப் பணம் வேண்டாம், கருவியும் வேண்டாம். மானசகங்கோத்ரியில் மாலையில் ஒரு வகுப்பறை கிடைத்தால் போதும். முதல் வகுப்பை நடத்த நான் அணியமாக இருக்கிறேன்.