எடி ஐக்காவ்

எட்வர்ட் ரயன் மக்குவாஹனை ஐக்காவ் (மே 4, 1946 - 1978) ஹவாய்த் தீவுகளைச் சேர்ந்த கடலலைச் சறுக்கு வீரரும் உயிர்காப்பாளரும் ஆவார். எடி ஐக்காவ் என்ற பெயரிலேயே பரவலாக அறியப்படுகிறார். பேரலைகளில் சறுக்கியவர்களுள் முதன்மையானவராகக் கருதப்படும் இவர், 1978 மார்ச்சில் கவிழ்ந்த படகில் இருந்தோருக்கு உதவி தேடிச் சென்றபோது கடலில் காணாமற் போனார்.

இளமை

மாவி தீவின் கஹுலுயி நகரில் பிறந்தார். அந்நகரின் துறைமுகத்தை ஒட்டிய சிற்றலைகளில்தான் சறுக்கக் கற்றுக்கொண்டார். 1959ல் இவரது குடும்பம் ஒவாகு தீவுக்குக் குடிபெயர்ந்து, அங்கே ஒரு சீன இடுகாட்டைப் பராமரிக்கும் பொறுப்பை ஏற்று அவ்விடத்திலேயே வாழ்ந்தது. 16 வயதில் பள்ளிப்படிப்பை நிறுத்திய எடி, ஹொனலுலுவில் அன்னாசிப் பழங்களை டப்பாவில் அடைக்கும் தொழிற்சாலை ஒன்றில் வேலைக்குச் சேர்ந்தார். அந்த ஊதியத்தைக் கொண்டு சறுக்குப் பலகை வாங்கினார்.

வைமேயா விரிகுடா

ஒவாகுவின் வடகரையில் உள்ள வைமேயா விரிகுடா ஆண்டின் பெரும்பகுதியில் குளம்போல அமைதியாக இருக்கும். குளிர்காலத்தில் வட பசிபிக்கில் உருவாகும் புயல்கள் எழுப்பும் நெடிய அலைகள் பல நாட்கள் பயணம் செய்து இங்கு வந்து சேரும். ஆழமான விரிகுடா என்பதால், மற்றக் கடற்கரைகளில் சறுக்கவே முடியாத அளவு அலை பெருத்த பின்னரே இங்கு அலை முறையாக உடையத் தொடங்கும். 1957 வரை இங்கு சறுக்க எவரும் துணியவில்லை என்பதே பொதுவான வரலாறு. 1967 நவம்பர் 19 அன்று எழுந்த பேரலைகளில் எடி முதன்முறையாக இங்கு சறுக்கி ஒரே நாளில் பெயர் பெற்றார்.

1968ல் ஹொனலுலு நகர நிர்வாகம் இவரை வடகரையின் உயிர்காப்பாளராக நியமித்தது. ஏறக்குறைய பத்து ஆண்டுப் பணியில் 500க்கும் மேற்பட்டோரைக் காத்தார் என்று சொல்லப்படுகிறது. இவர் பணியில் இருந்த வேளைகளில் வைமேயாவில் ஒருவர்கூட மூழ்கி இறக்கவில்லை என்பதே அந்த எண்ணிக்கையைவிட முக்கியமானது.

1970களின் தொடக்கத்தில் போட்டிக்காகத் தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகருக்குச் சென்றபோது, நிறவெறிச் சட்டங்களின் காரணமாக இவருக்கு விடுதியில் அறை மறுக்கப்பட்டது. அங்குள்ள சறுக்கு வீரர் ஷோன் டாம்சனின் குடும்பம் தம் வீட்டில் இவரைத் தங்க வைத்தது. 1973ல் இவரது தம்பி ஜெரால்ட், வியட்நாம் போரிலிருந்து உயிருடன் திரும்பிய பின்னர், கார் விபத்தில் இறந்தார். 1977ல் டியூக் கஹானமோக்கு நினைவுப் போட்டியில் எடி வெற்றி பெற்றார்.

ஹோக்கூலேயா பயணம்

பாலினீசியரின் முன்னோர் கருவிகள் இன்றி, விண்மீன்களையும் அலைகளையும் கொண்டே திசையறிந்து கடல் கடந்தனர் என்பதை மெய்ப்பிக்க ஹோக்கூலேயா என்னும் இரட்டை உடற் படகு கட்டப்பட்டது. அது 1976ல் டஹீட்டியை அடைந்தது. இரண்டாவது பயணத்தில் எடியும் ஒருவராகச் சேர்ந்தார்.

1978 மார்ச் 16 அன்று துணைக்கப்பல் ஏதுமின்றி, பலத்த காற்றில் படகு ஹொனலுலுவை விட்டுப் புறப்பட்டது. ஒரு பக்கத்து உடலில் நீர் புகுந்ததால் அன்றிரவே மொலோக்கை தீவுக்குத் தெற்கே கவிழ்ந்தது. மறுநாள் காலையிலும் எவரும் அவர்களைக் காணவில்லை. 20 கிலோமீட்டருக்கும் குறையாத தொலைவில் இருந்த லானை தீவை அடைந்து உதவி கோரலாம் எனக் கருதிய எடி, தமது பலகையில் ஏறிக் கைகளால் துழாவிச் சென்றார். துழாவுவதற்குத் தடையாக இருந்ததால் மிதப்பு அங்கியையும் கழற்றிவிட்டார் என்பர். அன்று இரவு விமானம் ஒன்று படகினரின் ஒளிச்சமிக்ஞையைக் கண்டது. எஞ்சிய 15 பேரையும் கரையோரக் காவற்படை மீட்டது. எடியைத் தேடி விரிவான தேடல் நடந்தும் அவரோ பலகையோ கிடைக்கவில்லை.

இதன் பின்னர் ஹோக்கூலேயாவின் நெடும்பயணங்களில் துணைக்கப்பல் உடன் செல்வது வழக்கமாயிற்று. கவிழ்ந்த படகில் இருந்தவர்களுள் ஒருவரான நைனோவா தாம்சன் 1980ல் கருவிகளின்றி அதனை டஹீட்டிக்கு வழிநடத்தினார்.

நினைவுப் போட்டி

எடியின் பெயரிலான போட்டி 1984ல் தொடங்கியது. பின்னர் வைமேயாவுக்கு மாற்றப்பட்டது. அலைமுகம் ஏறத்தாழ 12 மீட்டர் உயரத்தை எட்டினால் மட்டுமே நடத்தப்படுவதால், 2024 முடிய 11 முறையே நடந்துள்ளது. வைமேயாவில் முதலில் வென்றவர் எடியின் தம்பி கிளைட். 2023 ஜனவரியில் வென்ற லூக் ஷெப்பர்ட்சன், அன்று அதே கடற்கரையில் பணியில் இருந்த உயிர்காப்பாளர். தம் சுற்றுகளுக்கு மட்டும் அனுமதி பெற்றுப் பங்கேற்று, மீண்டும் காவல் கோபுரத்துக்குத் திரும்பினார்.